கண் தானாகத் திறக்காது

பேக்கரிக்காரர் படியேறி வந்தபோது கையில் ஒரு ரொட்டி உறை இருந்தது. உள்ளே ரொட்டி இல்லை. போன் இருந்தது.

"கீழே செருப்புக் கடையில விசாரிச்சேன். போனுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பார்த்துச் சொல்றவங்க மாடியில இருக்காங்கன்னு சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா கண்ணாடி மாத்துறது, பேட்டரி மாத்துறது எல்லாம் இங்கே கிடையாது. அதுக்கு எதிர்த்த கடை."

அவர் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் எல்லோருக்கும் இன்ஸ்பெக்டர்தான். வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முன் அறை அவருடையது. வக்கீல்கள், காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள், சந்தேகப் புருஷன்கள் என்று வருகிறவர்களைப் பேசி வடிகட்டி உள் அறைக்கு அனுப்புவார். உள் அறையில் வேலை செய்பவளுக்கு அவர் வைத்த பெயர் பூட்டுக்காரி. "திறக்கிறவளுக்குப் போய் பூட்டுக்காரின்னு பேர் வச்சிருக்கீங்களே சார்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"யாரோட போன்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"என்னோடதுதான் சார்."

"உங்க போனை நீங்களே கொண்டாந்து ஆராயச் சொல்றீங்களா? என் சர்வீஸ்ல தன் சட்டைப் பையைத் தானே சோதனை போடச் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லையே!"

பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டு, "என் தங்கச்சி செத்துப்போயிட்டா சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உள் அறைக் கதவு திறந்திருந்தது. பூட்டுக்காரி கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. கல்யாணமாகி நாலு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள். கணவனுக்கு வெளியூர் வெளியூராக அலையும் வேலை. இரைப்பு வந்தால் பேச வராது, அதனால் போன் பண்ண மாட்டாள். அண்ணனுக்கு ஒரு செய்தி போடுவாள். அண்ணன் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடுவார். எத்தனையோ தடவை அப்படி ஓடியிருக்கிறார். ஒரு தடவை மாவுக் கையோடு ஓடி, அவள் மூக்கெல்லாம் மாவாகி, இரைப்பு போய்த் தும்மல் வந்த கதையை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம்.

கடைசித் தடவை அவர் ஓடவில்லை.

"எனக்கு ராத்திரி ஷிப்ட் சார். பகல்ல தூங்குவேன். அன்னைக்கும் தூங்கிட்டுத்தான் இருந்தேன். சாயங்காலம் எழுந்தேன், போனைப் பார்த்தேன், புதுசா ஒண்ணும் இல்லை. டீ குடிச்சுட்டு பேக்கரிக்குப் போயிட்டேன். அங்கே மாவு பிசையும்போதுதான் மச்சான் கூப்பிட்டு..." அவர் நிறுத்தினார். "அவ போன்ல நான் பார்த்துட்டதா இருக்கு சார்."

அந்தச் செயலியில் ஒரு கண் அடையாளம் உண்டு. செய்தி போய்ச் சேர்ந்தால் மூடிய கண். எதிராளி திறந்து பார்த்தால் திறந்த கண். தங்கையின் போனில், 'அண்ணா மூச்சு முட்டுது, இன்ஹேலர் தீர்ந்துபோச்சு, வா' என்பதற்குக் கீழே கண் திறந்திருந்தது. அதை முதலில் பார்த்தது அம்மா. கண்ணுக்கு அர்த்தம் என்ன என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தத் தங்கைதான்.

"அம்மா என் கூடத்தான் இருக்காங்க. அன்னைலேருந்து என்கூடப் பேச்சு இல்லை. என் கையால தண்ணிகூட வாங்க மாட்டேங்கிறாங்க. 'பார்த்துட்டுத் திரும்பிப் படுத்தவன்தானே நீ'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. நான் பார்க்கவே இல்லைன்னு சொன்னேன். 'கண் திறந்திருக்குடா'ன்னாங்க. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க. மூட்டை எல்லாம் கட்டியாச்சு. அதுக்குள்ள எனக்கு ஒரு காகிதம் வேணும் சார். நான் பார்க்கலைன்னு."

"நிஜமாவே பார்க்கலையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பழைய வழக்கம், குரல் கொஞ்சம் விறைத்தது.

"பார்த்திருந்தா ஓடியிருப்பேனே சார்."

பூட்டுக்காரி போனை வாங்கினாள். "சம்பவத்துக்கு அப்புறம் இதைப் பயன்படுத்தினீங்களா?"

"அன்னைக்கு ராத்திரியே அணைச்சுட்டேன் மேடம். கையில எடுக்கவே முடியலை. இப்ப இந்த பட்டன் போன்தான்."

"ரொம்ப நல்லது," என்றாள். பிறகு, தான் அப்படிச் சொன்னது தனக்கே சங்கடமாக இருந்து, "உள்ளே எதுவும் அழிஞ்சிருக்காது, அதைச் சொன்னேன்" என்றாள்.

போனைச் சிக்னல் புகாத வெள்ளிப் பெட்டிக்குள் வைத்து உயிர்ப்பித்தாள். இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். வெளியிலிருந்து ஒரு எழுத்துகூட உள்ளே வந்து பழையதைக் கலைத்துவிடக் கூடாது. பெட்டிக்கு இரண்டு கையுறைகள் உண்டு. அவற்றுக்குள் கைவிட்டுப் பேக்கரிக்காரர் ரகசிய எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி அணைந்தது. மறுபடியும் எண்ணைத் தட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்டிட்டு இருக்கீங்களே, விரல் வைக்கிறது கிடையாதா?"

"என் விரலை இது மதிக்காது மேடம்." கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வழவழவென்று, அங்கங்கே பழைய சூட்டுத் தழும்புகளோடு இருந்தன. "அடுப்புத் தட்டு ரேகையை எல்லாம் தின்னுடுச்சு. வாங்கின புதுசுல பதிஞ்சு பார்த்தேன், ஒரு வாரம்கூட வேலை செய்யலை. நான் திருடினா கண்டுபிடிக்கவே முடியாதுன்னு தங்கச்சி சொல்லுவா."

பூட்டுக்காரி புன்னகைத்தாள். அந்தப் பேச்சு அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் காதில் விழுந்தது.

"உள்ளே என்ன பண்ணுவீங்க மேடம்?"

"முதல்ல போனை அப்படியே ஒரு நகல் எடுப்பேன். நகல்லதான் வேலை. ரெடிமேட் மென்பொருள் ஒண்ணு இருக்கு, அது பாதி சொல்லும். மீதிக்கு அந்தச் செயலியையே பிரிச்சு, அதை எழுதினவன் என்ன நினைச்சு எழுதினான்னு பின்னாலேருந்து கண்டுபிடிக்கணும்."

பேக்கரிக்காரர் யோசித்தார். "பக்கத்துத் தெரு பேக்கரி பன்னைப் பிச்சுப் பார்த்து, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஈஸ்ட்டுன்னு நாங்க சொல்ற மாதிரி."

"அதேதான்."

"அப்போ நீங்களும் கெட்ட வேலைதான் பண்றீங்க," என்றார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் தெரிந்த ஒரே வெளிச்சம் அதுதான்.

ரெடிமேட் மென்பொருள் கூசாமல் சொன்னது: 'பார்க்கப்பட்டது.'

பூட்டுக்காரி அதை நம்பவில்லை. அந்த மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. செயலி தன் குறிப்பில் ஒரு எண்ணை எழுதி வைத்திருக்கும். அந்த எண்ணுக்கு இதுதான் அர்த்தம் என்று எவனோ ஒருவன் ஊகித்து எழுதியதைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லும். ஊகம் தப்பாக இருந்த வழக்குகளை அவள் பார்த்திருக்கிறாள். இதிலும் அப்படி ஒரு தப்பு இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆராய்கிறவள் ஆசைப்படக் கூடாது. தெரிந்தேதான் ஆசைப்பட்டாள்.

செயலியைப் பிரித்தாள். லட்சக்கணக்கான வரிகள். எழுதியவன் வைத்த பெயர்களெல்லாம் அழிக்கப்பட்டு, மொட்டை எழுத்துகளாகக் கிடந்தன. கல்லில் நார் உரிக்கிற வேலை. அதே மாதிரிப் போன்கள் இரண்டை வாங்கி வந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி அனுப்பி அனுப்பிப் பார்த்தாள். போனை அணைத்து வைத்து அனுப்பினாள். திரையை எரியவிட்டு அனுப்பினாள். மேலே துண்டாக வந்து எட்டிப் பார்க்கும் அறிவிப்பை ஒதுக்கித் தள்ளிப் பார்த்தாள்.

"என்னம்மா, உனக்கு நீயே காதல் கடிதம் அனுப்பிக்கிறியா?" என்று எட்டிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

"கண் தானா திறக்குதான்னு பார்க்கிறேன் சார்."

"திறக்குதா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். எப்படிச் சுற்றி வளைத்தாலும் ஒரே பதில்தான் வந்தது. செய்தி வந்தால் மட்டும் கண் திறப்பதில்லை. அறிவிப்பை ஒதுக்கினாலும் திறப்பதில்லை. யாராவது விரலால் தொட்டு அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தால்தான் திறக்கும். எழுதியவன் அந்த விஷயத்தில் தெளிவாக எழுதியிருந்தான்.

"அப்போ நம்ம ஆள் பார்த்திருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் வெற்றி இல்லை. "தூக்கக் கலக்கத்துல பார்த்துட்டு மறந்திருப்பான். பாவம். அதை ஏத்துக்க மனசு வராம நம்மகிட்ட வந்திருக்கான்."

பூட்டுக்காரிக்கும் அப்படித்தான் தோன்றியது. அறிக்கையை எழுதக்கூட உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வரி எழுதியதும் அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

பார்த்தது போகட்டும். போனைத் திறந்தது எப்படி?

போன் தயாரித்த கம்பெனி, பூட்டு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலையில் எதையோ கிறுக்கி வைக்கும். கம்பெனியின் சொந்தக் குறிப்பு அது. எந்த ரெடிமேட் மென்பொருளுக்கும் அது படிக்க வராது. இன்ன மொழி என்றே தெரியாத கிறுக்கல். அதைப் படிக்க வேண்டுமானால் பூட்டையே பிரிக்க வேண்டும். பிரித்தாள். பேருக்கு ஏற்ற வேலை என்று இன்ஸ்பெக்டர் கேலி செய்ததுகூடக் காதில் விழவில்லை. எண்ணால் திறந்தால் ஒரு குறி, விரலால் திறந்தால் வேறு குறி என்பது வெள்ளிக்கிழமை மதியம் பிடிபட்டது. சோதனைப் போனில் தன் விரலைப் பதித்து, இன்ஸ்பெக்டர் விரலையும் பதித்து, திறந்து திறந்து ஒப்பிட்டாள். சந்தேகம் இல்லை.

அன்றைய குறிப்பைப் பார்த்தாள். செய்தி வந்தது மூன்றே முக்காலுக்கு. அதற்கு முன் கடைசியாகப் போன் திறக்கப்பட்டது விரலால்.

உடனே பேக்கரிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் தூங்காமல்தான் இருந்தார் போல, முதல் மணியிலேயே எடுத்தார். நேரில் வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. வந்ததும் உட்காரக்கூட விடவில்லை.

"நீங்க பார்க்கலை! போனைத் திறந்தது விரல். உங்க விரலைத்தான் இது மதிக்காதே. நீங்க எப்பவும் எண்ணைத்தானே தட்டுவீங்க? இந்தக் குறிப்பு முழுக்கப் பாருங்க, நீங்க திறந்ததெல்லாம் எண்ணாலதான். அந்த நேரத்துல திறந்தது வேற ஒருத்தர். ரெண்டாவதா பதிஞ்சு வச்சிருக்கிற விரல்!"

வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலர் அழுவார்கள். பேக்கரிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டாவது விரல்," என்றார்.

"ஆமா. யாரோடதுன்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும், எதைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது புரிந்துபோயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. வெட்டியவள் அவள்.

"நான்தான் பதிஞ்சு கொடுத்தேன்," என்றார் அவர் மெதுவாக. "அம்மாவுக்கு நம்பர் ஞாபகம் இருக்காது. நான் தூங்குறப்போ அவங்களுக்குப் பொழுது போகணுமே. கட்டைவிரலை வைம்மா, திறக்கும்னு சொல்லிக் கொடுத்தேன். கதை பார்ப்பாங்க, தினம் வர்ற தொடர்கதை."

கீழே செருப்புக் கடையில் யாரோ அளவு பார்த்துத் தரையை உதைக்கும் சத்தம் கேட்டது.

மீதியைப் பூட்டுக்காரி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டார், அவள் சொன்னாள். விரல் போனைத் திறந்தது. கதை ஓடியது. செய்தி வந்தது. கண் மூடித் திறக்கும் நேரம் அந்தப் பக்கம் திறந்து மூடியிருக்கிறது. மறுபடி கதை ஓடியிருக்கிறது. நாலு மணிக்கு மேலும் ஓடியிருக்கிறது.

"படிச்சிருக்க மாட்டாங்க," என்றாள் அவள். "அந்த நேரத்துல யாராலயும் படிக்க முடியாது. மேலே வந்து கதையை மறைச்சிருக்கும். தள்ளிவிடுறதுக்காகத் தொட்டிருப்பாங்க, திறந்திருக்கும், பின்னால போற பொத்தானை அமுக்கியிருப்பாங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. உள்ளே நுழைஞ்சு வந்துட்டதால அறிவிப்பும் போயிருக்கும். அதனாலதான் நீங்க எழுந்து பார்த்தப்போ ஒண்ணும் இல்லை."

"கண்ணாடி போடாம அவங்களுக்கு எழுத்தே தெரியாது மேடம். படம் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்னு கழட்டி வச்சுடுவாங்க." அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "சார், வேற மாதிரி எழுதிக் கொடுங்க" என்றார்.

"எப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆப்ல கோளாறுன்னு. கண் தானா திறந்துக்கும்னு. அப்போ நானும் பார்க்கலை, யாரும் பார்க்கலை."

"அது பொய்யாச்சே."

"யாருக்கு சார் நஷ்டம்? கோர்ட்டா, கேஸா? எங்க வீட்டுக்குள்ள ஒரு காகிதம். அவ்வளவுதானே?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, உங்க வலி எனக்குத் தெரியுது. ஆனா இந்த அறையிலேருந்து போற காகிதத்தை நம்பித்தான் வெளியே ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான், ஒருத்தன் வீட்டுக்குப் போறான். ஒண்ணு பொய்னு ஆனா எல்லாம் பொய். வேணும்னா உங்க விரல் இல்லைன்னு மட்டும் எழுதித் தரேன். அது நிஜம்."

"அம்மா அடுத்த கேள்வி கேப்பாங்களே சார். 'பின்னே யாரு விரல்?'"

இன்ஸ்பெக்டர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். நாளைக்கு வாங்க, யோசிப்போம் என்று அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. படியில் இரண்டு பேர் காலடி கேட்டது, ஒன்று நின்று நின்று வந்தது. முதலில் கதவருகே வந்தது ஒரு வயதான அம்மாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். மகன் இரண்டு படி பின்னால், தாங்கக் கை நீட்டியும் நீட்டாமலும் வந்தார்.

"போனைக் காணோமேன்னு கேட்டேன். இங்கே கொடுத்திருக்கானாம்," என்றாள் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல். "காகிதத்துல என்ன வேணா எழுதி வாங்கலாம். அதான் நானே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். யாரு இங்கே பார்க்கிறது?"

"நான்தாம்மா," என்றாள் பூட்டுக்காரி.

"நீயா? பொம்பளைப் பிள்ளையா?" அம்மாள் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். ஏனோ குரல் கொஞ்சம் இளகியது. "என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு. உக்காரு. நின்னுட்டே பேசாதே."

தன் அலுவலகத்தில் தன் நாற்காலியில் அவள் கீழ்ப்படிந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தக் கண் இருக்கே, அது தானா திறக்குமா?"

பேக்கரிக்காரர் பூட்டுக்காரியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. திறக்கும் என்று ஒரு சொல் சொல்லிவிடேன் என்ற பார்வை.

அவள் வாயைத் திறக்குமுன் அம்மாள் தொடர்ந்தாள். "ஏன் கேக்குறேன்னா, அந்தப் போன் சத்தத்தை நிறுத்தி வைக்கிறது நான்தான். பிள்ளை ராத்திரியெல்லாம் அடுப்புல வெந்துட்டு வந்து படுக்கிறான், கண்டவனும் கூப்பிட்டு எழுப்பக் கூடாதுன்னு நிறுத்திடுவேன். அன்னைக்கும் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கதை பார்த்தேன், மூணு மணிக்கே கொண்டுபோய் அவன் தலைமாட்டுல வச்சுட்டேன். மூணு மணிக்கே வச்சுட்டேன்," என்று இன்னொரு தடவை சொன்னாள். "சத்தம் இருந்திருந்தா எழுந்திருப்பானோ, ஓடியிருப்பானோ, பொண்ணு பிழைச்சிருப்பாளோன்னு மனசு போட்டு அரிக்குது. அப்போ அந்தக் கண்ணை நினைச்சுக்குவேன். கண்தான் திறந்திருக்கே. சத்தம் இல்லாமலே இவன் பார்த்திருக்கானே. அப்போ நான் சத்தத்தை நிறுத்தினதால சாகலை அவ. இவன் பார்த்தும் போகாததாலதான் செத்தா. அப்படி நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சமாவது கண் அசருது."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப இவன் சொல்றான், பார்க்கலை, ஆப்ல ஏதோ கோளாறா இருக்கும்னு. அப்படின்னா கண் தானா திறந்துச்சா? தானா திறந்திருந்தா, பழி முழுக்க என் மேலதானே விழுது? அதைச் சொல்லிடு. நான் தாங்கிக்கிறேன். ஆனா நிஜத்தைச் சொல்லு. அது தானா திறக்குமா?"

தாங்கிக்கொள்ள மாட்டாள் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

"இல்லம்மா," என்றாள் பூட்டுக்காரி. "தானா திறக்காது. எல்லா விதமாகவும் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"அப்போ யாரோ தொட்டுத் திறந்திருக்காங்க."

"ஆமாம்மா."

"யாரு?"

கேள்வி நேராக அவளைப் பார்த்துத்தான் வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் அவளைக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்பதுதான் அவள் கற்றது. தெரிந்ததைச் சொல்ல முடியாமல் போகும் என்று யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான்தாம்மா," என்றார் பேக்கரிக்காரர்.

அம்மாள் திரும்பினாள்.

"நான்தான் பார்த்தேன். தூக்கத்துல பாதிக் கண்ணு திறந்துச்சு, போனை எடுத்தேன், அவ பேரு தெரிஞ்சுது. எப்பவும் வர்றதுதானே, கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாம்னு நினைச்சேன். தூங்கிட்டேன். பயத்துல பொய் சொல்லிட்டேன். நீ சத்தத்தை நிறுத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நான் பார்த்தேன்மா."

இத்தனை நேரம் காகிதத்துக்காகக் கெஞ்சிய மனிதர், ஒரு சொல் தடுமாறாமல் சொல்லி முடித்தார். மனப்பாடம் செய்ததுபோல இருந்தது. ஒருவேளை வருகிற வழியிலேயே, இல்லை நேற்றிரவே, மாவு பிசைந்தபடி செய்துவைத்தாரோ என்னவோ.

அம்மாள் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று பூட்டுக்காரி நினைத்தாள். அடிக்கவில்லை. அவள் தோள்கள் மட்டும் மெல்ல இறங்கின, ரொம்ப தூரம் சுமந்து வந்ததை ஒரு திட்டில் இறக்கி வைத்த மாதிரி.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா," என்றாள்.

"சொல்லியிருக்கணும்மா."

"போனைக் கொடு. அக்காகிட்ட பேசணும்."

பூட்டுக்காரி உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். காலையிலேயே வேலை முடிந்து, பூட்டை ஒரு தடவை எண்ணால் திறந்து சரிபார்த்து வைத்திருந்தாள். அம்மாள் அதை வாங்கி, கண்ணாடியைத் தேடாமல், பழக்கப்பட்ட கையால் கட்டைவிரலை வைத்தாள். போன் சட்டென்று திறந்தது. மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் படத்தைத் தேடி அழுத்தினாள்.

"அக்கா, நான்தான். நாளைக்கு வெயிலுக்கு முன்னாடியே வந்துடு. ஆமா, கிளம்பிட்டேன். அதெல்லாம் ஒண்ணும் மாறலை. வந்துடு."

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருக்க வேண்டும். அதை அவர் இப்போதுதான் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்து முடித்திருந்தார்.

வாசல்வரை போன அம்மாள் நின்றாள். மகன் பக்கம் திரும்பாமல், கதவைப் பார்த்தபடி சொன்னாள். "நாளையிலேருந்து சத்தத்தை நிறுத்த ஆள் இருக்காது. சத்தம் வச்சே தூங்கு. யார் கூப்பிட்டாலும் எழுந்திரு."

"சரிம்மா."

"நேரத்துக்குச் சாப்பிடு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

படி இறங்கும்போது அம்மாள் முதல் வளைவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். வளைவில் முழங்கால் மடங்கியபோது மகனின் கை நீண்டது. அம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அந்தக் கையைப் பிடிக்காமல், அவர் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மேலே இன்ஸ்பெக்டர் ஃபைலை எடுத்தார். முடிவு என்று போட்டிருந்த இடத்தில், 'வாடிக்கையாளர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார்.

"இதுல பொய் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை சார்."

"எனக்கு ஏன் பொய் எழுதின மாதிரியே இருக்கு?"

அவள் நகலை அழிக்க உட்கார்ந்தாள். அழிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது.

கதவருகே ஆள் நிழல் தெரிந்தது. பேக்கரிக்காரர், மூச்சு வாங்கியபடி. அம்மாவை டாக்சியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். அந்த ரெண்டாவது விரல்... அதை எடுக்கிறது எப்படி? போனைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"சுலபம்தான். கொடுங்க, இப்பவே எடுத்துடறேன்."

அவர் போனை நீட்டினார். அவள் வாங்கப் போனாள். அவர் விடவில்லை. நீட்டிய கையை மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இல்லை, இருக்கட்டும்," என்றார். "என்னைக்காவது திரும்பி வந்தாங்கன்னா, வந்ததும் கதை பார்க்க எடுப்பாங்க. திறக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க."

கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படிகளில் ஓடினார்.